எண்ண முடியாத பொருள்கள்

ஏப்ரல் 2, புதன்

பேரன் சுதர்சன் பிளஸ் டூவில் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று மார்க் வாங்கினான். பள்ளிக்கூட வாசலில் தட்டி கட்டி அவன் பெயரை எழுதி வைத்தார்கள். இப்போது கனடாவில் கம்ப்யூட்டர் வேலை, மூன்றாம் வருஷம். அவனுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்களாம், அதில் ஒருவர் வெள்ளைக்காரர். பேத்தி அபிராமி திருச்சியில் வங்கி அதிகாரி. வங்கிப் பரீட்சையை ஒரே தடவையில் தாண்டினாள். கைப்பிள்ளையோடு பதவி உயர்வும் வாங்கியிருக்கிறாள். கடைக்குட்டி வைசாலி காலம் தள்ளிப் பிறந்தவள், ஒன்பதாம் வகுப்பு. கட்டுரைப் போட்டியில் மாவட்டத்தில் இரண்டாம் பரிசு, கேடயம். முதல் பரிசு வாங்கிய பிள்ளை நடுவருக்குச் சொந்தம் என்று கேள்வி. நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகப் பேரப்பிள்ளைகள் மூன்று. மூன்றும் முத்து.

மருந்துக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் இதுவரை என்ன அரைத்தேன், என்ன காயப்போட்டேன், எவ்வளவு என்று மட்டும்தான் எழுதி வந்தேன். இனி நாலு வரி கூட எழுதலாம் என்று தோன்றுகிறது. சுதர்சனுக்கு விருதுநகர் சம்பந்தம் கூடிவிட்டது. பெண் சிந்துஜா, பல் டாக்டர். அப்பா தெய்வேந்திரன், மின்சார வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டுப் பொருத்தம். வைகாசி 25, ஞாயிறு, தாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம். நான்தான் பேசி முடித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மோர்மிளகாய் இரண்டாம் நாள் வெயில். வானம் மூடாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாயங்காலம் ஆறரைக்குச் சுதர்சன் கூப்பிட்டான். அங்கே அப்போதுதான் காலை. கல்யாணப் பேச்சை எடுத்தேன். அவன் வேறு பேச்சை எடுத்தான்.

“அப்பத்தா, குழம்புப் பொடி தீந்துபோச்சு. இந்தப் பக்கம் யாராச்சும் வந்தா கொடுத்துவிடேன்.”

“தீந்துபோச்சா? கீழ கொட்டிட்டியாய்யா?”

“இல்லையே. போன வாரமே காலி.”

அதற்குள் மருமகள் பொன்மணி போனை என் கையிலிருந்து வாங்கி, “அங்க குளிரு விட்டுருச்சாப்பா?” என்று கேட்டாள். மாமியார் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வாங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு வந்துவிட்டு நவம்பர் 9 அன்று போனான். ‘சுதர்சனுக்குக் குழம்புப் பொடி ஒன்றரைக் கிலோ’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் அதே ஒன்றரை. அதற்கு முந்தைய வருஷமும் அதே. இரண்டு வருஷமும் ஐப்பசி வரை வந்தது, ஒரு கை மிச்சம்கூட இருந்தது. ஒரு ஆள், வாரத்துக்கு நாலைந்து நாள் குழம்பு, ஒரு வேளைக்குக் குவித்து ஒரு கரண்டி. இந்தக் கணக்கில் ஐம்பது வருஷமாக நான் தப்பியதில்லை.

இப்போது பங்குனிதான் நடக்கிறது. ஐந்தே மாதம்.

அவனோடு அறையில் இருப்பவன் பஞ்சாபிக்காரன், பெயர் ஹர்மீத், ரொட்டி தவிர வேறு தொடமாட்டான் என்று சுதர்சனே சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வைசாலிக்கு இங்கிலீஷ் பரீட்சை வருகிறது. நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். போன பரீட்சையில் ‘பர்னிச்சர்’ என்ற வார்த்தைக்குக் கடைசியில் ‘எஸ்’ போட்டதற்கு ஒரு மார்க் போய்விட்டதாம்.

“நம்ம வீட்ல நாலு நாற்காலி, ரெண்டு கட்டில், ஒரு பீரோ கெடக்கு. எல்லாம் சேர்ந்து ஒண்ணாடி?”

“அது அப்படித்தான் அப்பத்தா. எண்ண முடியாத பொருள்.”

“நான் எண்ணிட்டேனே.”

“பர்னிச்சரு, தண்ணி, அரிசி, மாவு, பொடி, இதெல்லாம் அங்க எண்ண முடியாததுன்னு வெச்சிருக்காங்க. எண்ணணும்னா ஒரு டம்ளர் தண்ணி, ஒரு மூட்டை அரிசின்னு முன்னாடி ஒரு அளவு போட்டுக்கணும்.”

“இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சரா? கடைக்குப் போற எவளுக்கும் தெரியுமே.”

அடுத்து ஆட்டுக்கு வந்தாள். செம்மறிக்கு ‘ஷீப்’. ஒன்று என்றாலும் ஷீப், ஒன்பது என்றாலும் ஷீப். மீனுக்கும் மானுக்கும்கூட அப்படித்தானாம்.

“ஆடு மேய்ச்சவன் எவனும் அந்தப் பாஷையை உண்டாக்கலை போல. அப்ப ஒண்ணா மந்தையான்னு எப்படிடி கண்டுபிடிக்கிறது?”

“அந்த வார்த்தையையே பார்த்துக்கிட்டு இருந்தா தெரியாது அப்பத்தா. அக்கம்பக்கத்து வார்த்தையப் பார்க்கணும். அது காட்டிக்கொடுத்துரும்.”

அவரைக்காய் உரித்து முடித்தேன். ஒரு படி காய்க்குக் கால் படி பருப்புத்தான் தேறியது. கடைக்காரர் பிஞ்சைக் கலந்து போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். கோயிலுக்குப் போய்வந்து, தயிர்ச்சோற்றுக்கு உப்பு நார்த்தங்காய் எடுக்கலாம் என்று பரணிலிருந்து ஜாடியை இறக்கினேன். பாதிதான் இருக்கிறது.

போன புரட்டாசியில் நாற்பது காய் சுருள் சுருளாக அரிந்து உப்புப் போட்டேன். எழுதி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அதைத் தின்பது நான் ஒருத்திதான். என் மகன் தனுஷ்கோடிக்கு இரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது. பொன்மணிக்குக் கசப்பு பிடிக்காது. வைசாலி மணத்துக்கே மூக்கைப் பொத்துவாள்.

“பொன்மணி, நார்த்தங்காய் எங்க போச்சு?”

“அது... சுதர்சன் போறப்போ கொஞ்சம் கட்டிக் கொடுத்தேன் அத்தை.”

“அவன் சின்ன வயசுல இதைத் தட்டுல வெச்சா தட்டையே தள்ளி விடுவானே.”

“இப்ப சாப்பிடுறான் அத்தை. வெளிநாட்டுக்குப் போனா நாக்கு மாறிரும்ல.”

சொல்லிவிட்டு மிக்சியைப் போட்டுவிட்டாள். அதில் அரைக்க ஒன்றுமே இல்லை. வெறும் ஜாடி சுற்றியது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று கவனமாக இருந்தேன். போனை முகத்துக்கு நேராக வைத்து, மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டேன்.

அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்தான். எந்த ஞாயிறும் அதே சுவர்தான். ஒரு வீட்டில் உட்கார ஒரு இடம்தானா உண்டு? உள்ளே குக்கர் விசில் அடித்தது. இவன் ஆபீசில் புதிதாக வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது விசில். மூன்றாவது விசில். இவன் இடத்தைவிட்டு அசையவில்லை. நாலாவதுக்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். வரவில்லை.

“ஏய்யா, அடுப்பை யாரு அமத்துனா?”

“ஹர்மீத், அப்பத்தா.”

“பருப்பா வேகுது?”

“ஆமா. சாம்பார் வைக்கப் போறோம்.”

“ரொட்டி திங்கிற பையனுக்குத் துவரம்பருப்புக்கு மூணு விசில்னு யாருய்யா சொல்லிக் கொடுத்தா?”

சிரித்தான். சுதர்சன் பொய் சொல்லும்போது சின்ன வயதிலிருந்தே முதலில் சிரிப்பான்.

வேறொரு வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான். பொன்மணி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. விருதுநகரிலிருந்து தெய்வேந்திரனும் அவர் வீட்டுக்காரி ராஜாத்தியும் பெண்ணோடு வந்தார்கள். தட்டில் மாம்பழம், வேப்பம்பூ, புது வேட்டி. சிந்துஜா அடுக்களைக்கே வந்து என் பக்கத்தில் நின்றாள். நல்ல உயரம். என் கடைவாய்ப் பல்லைப் பார்த்து, “இதைச் சும்மா விடாதீங்க பாட்டி” என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “பாட்டி, ஒண்ணு கேக்கணும். எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. மூணு வருஷம். சேர்றேனா இல்லையான்னு மே இருபதுக்குள்ள சொல்லணும். கல்யாணம்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்திருன்னு அப்பா சொல்றாங்க. உங்க பேரன்கிட்ட கேக்கலாம்னு ரெண்டு தடவை மெசேஜ் போட்டேன். பதிலே வரலை” என்றாள்.

“வேலை நெருக்கடியா இருக்கும்மா.”

“இருக்கும். ஒருதடவை விட்டா இந்த இடம் மறுபடி கிடைக்காது பாட்டி. அதான்.”

அவளுக்குப் பாயசம் ஊற்றிக் கொடுத்தேன். டம்ளரில் பாதிதான் ஊற்றினேன் என்று பிறகுதான் கவனித்தேன். என் கைக்கு அளவு தப்பி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 16, புதன்

அவனைக் கேட்டுப் பயனில்லை. அவனே ஷீப். அக்கம்பக்கத்தைப் பார்க்கிறேன்.

வைசாலி போனில் எதையோ படித்துச் சிரித்தாள். அண்ணன் அனுப்பியதாம். இங்கிலீஷ்.

“என்ன எழுதியிருக்கான்?”

“ஏரிக்குப் போனாங்களாம். பனி உருகிருச்சாம்.”

“போனாங்களா? யாரு யாரு?”

“அண்ணன்தான்.”

“ஒருத்தன் போனா போனான்னு சொல்லணும். உங்க டீச்சர் இதுக்கு மார்க் குறைக்க மாட்டாங்களா?”

“ஐயோ அப்பத்தா, ஃபிரெண்ட்ஸோட போயிருப்பாங்க.” போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். சொல்லவில்லை நான்.

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தனுஷ்கோடி சாப்பிடும்போது நான் வந்து உட்கார்ந்தால் செய்தி பார்க்கிறான். செய்தியில் விளம்பரம்தான் ஓடுகிறது, அதையும் பார்க்கிறான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சுதர்சன் கூப்பிடவில்லை. வேலையாம். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் ஞாயிறு.

ஏப்ரல் 22, செவ்வாய்

பச்சரிசி வடகம், இரண்டு படி. வைசாலிக்கு இங்கிலீஷ் பரீட்சை முடிந்தது. ‘தகவல்’ என்பதற்கான வார்த்தை வந்ததாம். எண்ண முடியாதது. ‘எஸ்’ போடவில்லை, சரியாக எழுதினேன் என்றாள். இந்த வீட்டில் தகவலை எண்ண முடியாது என்பது எனக்கு இப்போது நன்றாகவே தெரிகிறது.

ஏப்ரல் 26, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மிளகாயும் மல்லியும் வெயிலில் கிடந்தன. பொன்மணி புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பாலையம்பட்டியிலிருந்து ஒருவர் மகளைப் பார்க்கக் கனடா போகிறார். அது நிஜம். நான் அவரிடம் இன்னும் கேட்கக்கூட இல்லை. ஆனாலும் சொன்னேன்.

“பொன்மணி, அவரு கையில பொடி கொடுத்துவிடலாம். சுதர்சனுக்கு ஒரு வருஷத்துக்கு எவ்வளவு போடட்டும்?”

மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: “மூணு கிலோ போட்டுருங்க அத்தை.”

கை நின்றது. அவள் கையும், என் கையும்.

“ஒரு ஆளுக்கு ஒன்றரைதானம்மா நம்ம வீட்டு அளவு. ரெண்டு ஆளுக்குத்தான் மூணு.”

பொன்மணி மிளகாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் அழுதாள். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டேன்.

போன செப்டம்பரில் கனடாவிலேயே ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்துவிட்டதாம். பெண் பெயர் ஷெர்லின். நாகர்கோவில் பக்கம். அங்கே ஏதோ ஆராய்ச்சிப் படிப்பு. ஹர்மீத் போன ஆடியிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டானாம். நார்த்தங்காய் அந்தப் பெண்ணுக்காகக் கட்டியது. அவள் கேட்டாளாம், மாமியாராகிவிட்ட பொன்மணி பரணில் ஏறி எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

“எல்லாருக்கும் தெரியுமா?”

“உங்களைத் தவிர எல்லாருக்கும்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

பொன்மணி என்னை எதிர்த்துப் பேசியவள் இல்லை. இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்தில் இன்றுதான் பேசினாள். “தீபாவளிக்குச் சொல்லத்தான் அத்தை வந்தான். டிக்கெட் போட்டதே அதுக்குத்தான். அவன் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள நீங்க விருதுநகர் ஜாதகத்தைக் கையில எடுத்துட்டு வந்து நின்னீங்க. ‘இந்த வீட்டுல இன்னொருத்தரால எனக்குத் தலைகுனிவு வரக் கூடாது, நீயாவது என் பேரைக் காப்பாத்தய்யா’ன்னீங்க. அவன் அதுக்கப்புறம் வாயைத் திறப்பானா? தானா கல்யாணம் பண்ணிக்கிட்ட கலாவதி மதினிக்கு என்ன நடந்துச்சுன்னு நாங்க பார்த்துட்டுத்தானே இருந்தோம்?”

கலாவதி என் மகள். சேலத்தில் இருக்கிறாள். முகம் பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதைப்பற்றி எழுத இங்கே ஒன்றும் இல்லை.

அவள் மகன் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷமாம். பொன்மணிதான் சொன்னாள். சுதர்சன் அவனோடு பேசுவானாம். கேள்விப்பட்டதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மிளகாயை மறுபடி அள்ளிப் பரப்பினோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆறரைக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்கவில்லை. அடித்து முடியும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மோர் மட்டும்.

தனுஷ்கோடி வந்து காலடியில் உட்கார்ந்தான். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் தப்புச் செய்தால் காலடியில்தான் உட்காருவான்.

“அம்மா, சம்பந்தத்தைப் பக்குவமா நிறுத்திரலாம். ஜோசியர்கிட்ட நான் பேசுறேன். பொண்ணு ஜாதகத்துல இப்பத்தான் ஒரு தோஷம் கண்ணுல பட்டுச்சுன்னு அவர் வாயால சொல்லச் சொன்னாப் போதும். நம்ம பேரும் கெடாது, பையன் பேரும் கெடாது. ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தானே செய்றாக.”

எல்லோரும் செய்வதுதான். நானே ஒருதடவை செய்திருக்கிறேன். அபிராமிக்கு வந்த மதுரை வரனை அப்படித்தான் கழித்தேன். பையனுக்கு நாகதோஷம் என்று சொல்லிவிட்டோம். உண்மையில் பையன் குட்டை. அந்தப் பையனுக்கு முப்பத்தெட்டு வயது வரை பெண் அமையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருதடவை வெளியில் வந்த தோஷம் ஊர் ஊராகப் போகிறது.

“அந்தப் பிள்ளை தலையிலயா வெக்கச் சொல்ற?”

“வேற என்னம்மா வழி?”

“யோசிக்கிறேன், போ.”

உண்மையைச் சொல்லாமல் யோசித்துக்கொண்டே இருந்தால் மே இருபதும் வந்துவிடும், அந்தப் பெண் வேண்டாம் என்று எழுதியும் கொடுத்துவிடுவாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்று யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். என் மூத்த பேரனுக்குப் பல் டாக்டர் பெண் என்று தெருவில் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வீடு. கோயில் குருக்களையும் சேர்த்தால் பதினைந்து.

மே 1, வியாழன்

பல்வலி. கிராம்பு வைத்துக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி இன்றுதான் ஆரம்பம். காலை ஏழரை பஸ்ஸில் விருதுநகர் போனேன். வீட்டில் சொல்லவில்லை. பொன்மணி மட்டும் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் பையில் வைத்தாள்.

தெய்வேந்திரன் வெளியே போயிருந்தார். ராஜாத்தி வாசலிலேயே, “வாங்க வாங்க, ஒரு போன் பண்ணியிருந்தா கார் அனுப்பியிருப்போமே!” என்றாள். மின்விசிறியை வேகமாக வைத்தாள். காபிக்கு அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. காபி வந்துவிட்டால் குடித்துவிட்டுப் பேச வேண்டும். அது முறையில்லை. அதனால் எழுந்து அடுக்களை வாசலுக்கே போய்ச் சொல்லிவிட்டேன்.

“காபி வேண்டாம்மா. என் பேரனுக்கு அங்கேயே கல்யாணம் ஆயிருச்சு. எட்டு மாசமாச்சு. எனக்கு இப்பத்தான் தெரியும். குறை எங்க பக்கம். உங்க பிள்ளை ஜாதகத்துல ஒரு சொட்டுக் குறை இல்லை. யாரு கேட்டாலும் நானே சொல்லுவேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.”

ராஜாத்தி அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்பி நின்று கேட்டாள்.

“இப்பத்தான் தெரியுமா? ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு?”

“ஆமா.”

“உங்க பேரனைப் பத்தி நீங்க சொன்ன சொல்லு என்ன, அடிச்ச பெருமை என்ன! மண்டபத்துக்காரன்கிட்ட வாய் விட்டுட்டோம். எங்க சனத்துக்கெல்லாம் சொல்லிட்டோம். எம் பொண்ணு படிப்பை விட்டுக்குடுக்கப் போனா. பெத்த மகளையே வீட்டுல வெச்சுக்கத் தெரியாதவுக, அடுத்தவ மகளைக் கூட்டிட்டுப் போக வந்தீகளா?”

அவளுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பெண் கொடுக்க வந்திருக்கிறார்கள்.

சிந்துஜா மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எல்லாம் கேட்டிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“நான் இன்னும் வேண்டாம்னு எழுதிக் குடுக்கலை பாட்டி,” என்றாள்.

“குடுக்காதம்மா.”

“குடுக்கலை.” கொஞ்சம் நிறுத்தி, “அவரு சொன்னாரா உங்ககிட்ட?” என்றாள்.

“அவன் எங்க சொன்னான்? குழம்புப் பொடி சீக்கிரம் தீந்துருச்சு. அதை வெச்சுக் கண்டுபிடிச்சேன்.”

சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுடைய அம்மா, “என்னடி சிரிப்பு வேண்டிக் கிடக்கு? உள்ள போ” என்று அதட்டினாள். அவள் உள்ளே போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பல்லைக் காட்டுங்க” என்றாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். “இந்த வாரமே எடுத்துருங்க. அருப்புக்கோட்டையில யாருகிட்டயாவது போங்க. என்கிட்ட வர வேண்டாம்.”

சரி என்றேன். நியாயம்தானே.

பஸ் ஸ்டாண்டு வரை வெயிலில் நடந்தேன். கால் கொதித்தது. பஸ்ஸில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. எத்தனை பேரப்பிள்ளைக என்று கேட்டாள். நான்கு என்றேன்.

மே 6, செவ்வாய்

பல் எடுத்தாயிற்று. வாய் மரத்துக் கிடந்தது. பேச முடியாததால் கடிதம் எழுதினேன். வைசாலி கவரில் கனடா விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தந்தாள், உள்ளே இருப்பது என் கை. அனுப்பியது மறந்துபோகக் கூடாது என்று இங்கே ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

“அன்புள்ள பேரன் சுதர்சனுக்கு அப்பத்தா நாகரத்தினம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு ஒரு பல் குறைந்திருக்கிறது, வேறு குறை இல்லை.

நீ செய்தது தப்பு. கல்யாணத்தைச் சொல்லவில்லை. ஒருவேளை அதில் என் பக்கமும் கொஞ்சம் இருக்கலாம், அதை உன் அம்மா எனக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டாள். ஆனால் விருதுநகர் பெண் இரண்டு தடவை எழுதிக் கேட்டும் நீ பதில் போடவில்லையே, அது உன் தப்பு, அதில் எனக்குப் பங்கு இல்லை. அவள் நல்ல பெண். அவளுக்கு நீயே உன் கையால் மன்னிப்புக் கேட்டு எழுது. சுருக்கமாக எழுது. காரணம் எதுவும் சொல்லாதே.

நீ கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை நான் போனை எடுக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு எடுப்பேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் கூப்பிடாதே.

ஷெர்லின் என்ன ஆராய்ச்சி செய்கிறாள், எத்தனை வருஷப் படிப்பு, முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா, இதையெல்லாம் தெளிவாக எழுது. தெருவில் பதினைந்து பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுடைய அப்பா அம்மாவுக்குத் தெரியுமா? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவர்களாவது சாப்பிடுகிறார்களா?

கடைசியாக ஒன்று. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவள் சேலை கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி, முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டு பிரதி போட்டு, ஒன்றைச் சேலத்தில் உன் அத்தை கலாவதிக்கு அனுப்பு. விலாசம் உன்னிடம் இருக்கும், எனக்குத் தெரியும். இன்னொன்று எனக்கு. போனில் அனுப்பாதே, போனில் வந்தால் ஆளாளுக்கு முதலில் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் காட்டுகிறார்கள். கடுதாசியில் அச்சடித்து, கவரில் என் பெயரை எழுதி, தபாலில் போடு.”